பத்திரிகாசிரியர் வ. வே. சு. ஐயர்

கலாசாலைப் படிப்பை முடித்து வெளியேறிய பழைய மாணவர் பலர் இக்காலத்தே பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி முதலிய துறைகளிற் புகுந்து பேரும் பொருளும் ஈட்டுகின்றனர். பழைய மாணவர் கூட்டங்களில் அன்னாரின் பெயர்கள் பெருமிதத்தோடு வாசிக்கப்படுகின்றன. இப்பொழுது பயின்று வரும் நம்மிலும் பலர்க்கு அவ்வழியே செல்ல வேண்டுமென்னும் வேட்கை உண்டு. வேட்கை தவறன்று. ஆயினும், ஊரெல்லாம் நம் சொல்லைக் கேட்க வேண்டுமென விரும்பும் நாம், அச்சொல்லுக்குப் பின்னொரு நாள் விடை கூற வேண்டியவர் யாவர் என்பதைச் சிந்திக்கின்றோமில்லை.

இவ்வெண்ணத்தை முன்னிட்டு, மிஷன் கலாசாலை ஒன்றிற் பயின்று பட்டம் பெற்று, நம் புதுவை நகரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அஞ்ஞாதவாசம் போன்றதொரு வாழ்வு நடத்தி, பத்திரிகையும் நூலுமாகத் தமிழ்ப்பணி புரிந்து, 44 ஆண்டுகளே உயிர் வாழ்ந்து மறைந்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றேன். அவர்தாம் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். வ. வே. சு. ஐயர் எனத் தமிழுலகம் அவரை அறியும்.

இளமையும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரி என்னும் சிற்றூரில் 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2-ஆம் நாள் ஐயர் பிறந்தார். தந்தையார் வேங்கடேச ஐயர்; தாயார் காமாட்சியம்மாள். உரிய பருவத்தில் திருச்சியிலுள்ள அர்ச். சூசையப்பர் கலாசாலையிற் சேர்ந்து பயின்றார். இயேசு சபைக் குருமாரால் 1844-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் நிறுவப்பெற்று, 1883-ஆம் ஆண்டு திருச்சிக்கு மாற்றப்பெற்றது அக்கலாசாலை. ஆங்கு அவர் சரித்திரமும் அரசியலும் இலத்தீன் மொழியும் கற்று பி. ஏ. பட்டம் பெற்றார். வைதிகக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கிறிஸ்தவக் குருமாரிடம் இலத்தீன் பயின்றமை சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், பிற்காலத்தே இத்தாலிய வீரர் கரிபால்டியின் சரித்திரத்தையும், பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியனின் சரித்திரத்தையும் தமிழர்க்கு எடுத்துரைக்க அவர் முற்பட்டதற்கு வேண்டிய வித்து அக்கலாசாலை வகுப்புகளிலேதான் விதைக்கப்பட்டது எனக் கொள்ளுதல் பிழையாகாது.

பட்டம் பெற்றபின் அவர் பிளீடர் பரீட்சையில் தேறி, திருச்சியில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1906-ஆம் ஆண்டில் பர்மாவிலுள்ள இரங்கூனுக்குச் சென்று, ஆங்கில வழக்கறிஞர் ஒருவரிடம் துணைவராகப் பணியாற்றினார். அடுத்த ஆண்டில், பாரிஸ்டர் ஆகும் நோக்கத்துடன் இலண்டன் மாநகரை அடைந்து, லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திற் சேர்ந்தார். இதுகாறும் அவருடைய வாழ்வு அக்காலத்துப் பட்டதாரிகள் பலருடைய வாழ்வினின்றும் வேறுபட்டதன்று. நல்ல வருமானமும் ஊரார் மதிப்பும் அவரை எதிர்நோக்கி நின்றன.

கடல் கடந்து வந்த கடிதங்கள்

இலண்டனில் இந்தியா விடுதி எனப்பட்ட மாளிகை, அந்நாளில் நம் நாட்டு மாணவர் கூடும் இடமாயிருந்தது. ஆங்கு விநாயக தாமோதர சாவர்க்கர் முதலியோரோடு ஐயர் பழகினார். படைக்கலம் ஏந்தியேனும் நாட்டை விடுவித்தல் வேண்டும் என்னும் கொள்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அதே காலத்தில் அவர் எழுதுகோலையும் கையிலெடுத்தார்.

சென்னையில் 1906-ஆம் ஆண்டு தோன்றிய "இந்தியா" என்னும் வாரப் பத்திரிகைக்குச் சுப்பிரமணிய பாரதியார் உயிர்நாடியாக விளங்கினார். 1908-ஆம் ஆண்டில் அதன்மீது அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. ஆசிரியரெனப் பதிவு செய்யப்பட்டிருந்த சீனிவாசன் என்பவர் 5 ஆண்டு சிறைத் தண்டனைக்கு உள்ளானார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குப் போந்தார். பத்திரிகையும் அவரைத் தொடர்ந்து வந்து, அவ்வாண்டு அக்டோபர் மாதம் முதல் நம் நகரிலேயே அச்சாயிற்று. இப்புதுவைப் பத்திரிகைக்கு ஐயர் இலண்டனிலிருந்து கடிதங்கள் எழுதி வந்தார். ஆங்கில நாட்டின் அரசியற் செய்திகளையும், ஆங்குள்ள இந்தியரின் முயற்சிகளையும் இனிய தமிழில் எழுதி, கடல் கடந்து அனுப்பிய அவரை நம் மொழியின் முற்காலத்து வெளிநாட்டு நிருபருள் ஒருவரெனப் போற்றலாம். ஒரு செய்தி கப்பலேறி வந்து சேர வாரங்கள் கழிந்த காலம் அது. இக்காலத்துத் தொலைக்காட்சி நிருபர் நொடிப் பொழுதிற் செய்யும் பணியை அவர் பொறுமையோடு செய்தார்.

"இந்தியா" பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையலாகாதெனத் தடை பிறந்தது. அச்சிடுவதற்குப் புதுவையில் உரிமையிருந்தும், வாசிப்போரில் பெரும்பாலார் எல்லைக்கு அப்பால் இருந்தமையால், அப்பத்திரிகை 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு நின்றது. அச்சுக்கூடம் திறந்திருந்தும் அஞ்சல் வழி அடைபட்டால் பத்திரிகை உயிர் விடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இலண்டன் வாழ்க்கையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது நமக்குப் பயன்படும். 1909-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள் இலண்டன்வாழ் இந்தியர் விஜயதசமி விருந்து ஒன்றை நடத்தினர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த மோகன்தாஸ் காந்தி அவ்விருந்துக்குத் தலைமை தாங்க இசைந்திருந்தார். சமையல் வேலையை மாணவரே பகிர்ந்துகொண்டனர். மெலிந்த உருவினர் ஒருவர் முன்னதாகவே வந்து, ஒன்றும் பேசாமல் பாத்திரங் கழுவுதல் முதலிய வேலைகளில் அவர்களோடு கலந்துகொண்டார். அவரே அன்றைய தலைவர் என்பது பின்னரே அவர்களுக்குத் தெரியவந்தது. அக்காலத்தில் இலண்டனில் மருத்துவம் பயின்ற டாக்டர் தி. சே. சௌ. ராஜன் இதனை நினைவுகூர்ந்துள்ளார். பல மாகாணத்தாரும் பல சாதியாரும் ஒருங்கிருந்து உண்ட விருந்து அது.

பாரிஸ்டர் படிப்பு முடிந்தும், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மனமில்லாமையால், ஐயர் அப்பட்டத்தைத் துறந்தார். 1910-ஆம் ஆண்டில் சாவர்க்கர் கைது செய்யப்பட்டார். ஐயரைப் பிடிக்கவும் கட்டளை பிறந்தது. அவர் இலண்டனை விட்டுப் பாரிஸ் நகரம் புகுந்தார். வழியில் அவருடைய பெட்டியின் மேலிருந்த எழுத்துக்களைக் கண்டு ஐயுற்ற துப்பறிவோனிடம், அவை வீர விக்கிரம சிங் என்னும் பெயரைக் குறிப்பன என்று கூறித் தப்பினார் என ஒரு கதை வழங்குகின்றது. பின்னர்ப் பல நாடுகளைக் கடந்து, முகம்மதியர் வேடம் பூண்டு, அவ்வாண்டின் இறுதியிற் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

புதுவை வாழ்வு

அந்நாளில் நம் நகரம் அரசியற் புகலிடமாய் விளங்கிற்று. பாரதியார் 1908-ஆம் ஆண்டிலேயே வந்திருந்தார். அரவிந்தர் 1910-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்தார். அவ்விருவரோடும் ஐயர் நெருங்கிப் பழகினார். புகலிடம் என்றமையால் இவர்கள் அமைதியாக வாழ்ந்தனர் என எண்ணலாகாது. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஒற்றர் இங்கே தங்கி இவர்களுடைய ஒவ்வோர் அடியையும் கவனித்தனர். இவர்களுக்கு வரும் கடிதங்கள் இடைவழியிற் பிரிக்கப்பட்டன. ஒருமுறை, இராஜத் துரோகமான தாள்கள் அடங்கிய கொள்கலம் ஒன்றை ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒற்றர் யாரோ போட்டுவிட்டனர். அது தற்செயலாகக் கண்டெடுக்கப்படவே, நண்பர்கள் ஆலோசித்துத் தாமாகவே சென்று பிரெஞ்சுப் போலீசாரிடம் அறிவித்தனர். அதன் தொடர்பாக அரவிந்தர் இல்லத்தைச் சோதனையிட வந்த பிரெஞ்சு நீதிபதி, ஆங்கே இலத்தீன், கிரேக்க நூல்களைக் கண்டு வியந்து சென்றார். உண்மையைத் தாமே முந்திச் சென்று கூறியமையால் அன்று பிழைத்தனர்.

ஐயரின் வாழ்விலே நாம் நடுங்கி நின்று நோக்க வேண்டிய பகுதியும் புதுவையிலேதான் நிகழ்ந்தது. இளைஞர்க்கு அவர் உடற்பயிற்சியும் படைக்கலப் பயிற்சியும் அளித்தார். வாஞ்சிநாதன் அவரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றான் என்பது ஐயரின் வரலாற்றை எழுதினோர் கூற்று. 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள், மணியாச்சி இரயில் நிலையத்தில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் என்பாரை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு மாண்டான். அவ்வேளை வண்டியினுள் ஆஷ் துரையின் மனைவியும் உடனிருந்தார். நாட்டன்பு எத்துணை உயர்ந்ததாயினும், ஒரு பெண்ணின் கண்முன்னே அவள் கணவன் உயிர் பறிக்கப்பட்டதையும், இருபத்தைந்து வயதளவில் ஓர் இளைஞன் தன் உயிரைப் போக்கிக்கொண்டதையும் புகழ்ச்சிப் பாட்டினால் மூடிவிடுதல் நேர்மையாகாது. ஐயரின் சரித்திரத்தை எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து தாண்டிச் செல்லுதல் தகாது என்பது என் கருத்து. ஐயரே அவ்வழியை விட்டு நீங்கிப் பின்னர்க் காந்தியடிகளின் அகிம்சை வழியை ஏற்றார் என்பதே அவர் அதனை எளிதாகத் தாண்டிச் செல்லவில்லை என்பதற்குச் சான்று.

துப்பாக்கியினின்றும் எழுதுகோலுக்கு அவர் முற்றும் திரும்பியது உலகப் பெரும்போரின் காலத்திலாகும். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையின்மேற் குண்டு பொழிந்தது. அதன் பின்னர், புதுவையிலுள்ள அரசியல் அகதிகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டுமெனப் பிரிட்டிஷார் பிரெஞ்சுக்காரரை வற்புறுத்தினர். தாம் எப்பொழுது நாடு கடத்தப்படுவோமோ என்னும் நிலையில், தமிழுக்குத் தம்மாலியன்ற காணிக்கை ஒன்றை வைத்துச் செல்ல வேண்டுமென ஐயர் கருதினார். உடனே திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1330 குறட்பாக்களையும் சில திங்களுக்குள் பெயர்த்து முடித்தார். அந்நூல் 1916-ஆம் ஆண்டு வெளிவந்தது. நாளை நமக்கில்லை என்னும் அச்சம் சிலரைச் சோர்வுறச் செய்யும். அவரையோ அது மேசைமுன் அமர்த்தி எழுதச் செய்தது.

1915-ஆம் ஆண்டில் "விவேகபோதினி" என்னும் மாதப் பத்திரிகையில் அவருடைய "குளத்தங்கரை அரசமரம்" வெளியாயிற்று. மரமொன்று தான் கண்ட பெண்ணின் துயரக் கதையைத் தானே கூறுவதாக அமைந்தது அது. வங்கக் கவி தாகூரின் கதையொன்றைத் தழுவி எழுந்ததாயினும், தமிழில் தோன்றிய முதற் சிறுகதை என அதனைப் பலர் போற்றுவர். புதுவையிலேயே "கம்ப நிலையம்" என்னும் பதிப்பகத்தை நிறுவி, தம் கதைகளைத் தொகுத்து "மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள்" என வெளியிட்டார். பாரதியாரின் "கண்ணன் பாட்டு" 1919-ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பாக வந்தபொழுது அதற்கு ஐயர் முன்னுரை வரைந்தார். நண்பரின் நூலாயிற்றே என வெறும் புகழுரை கூறாமல், உலக இலக்கியங்களோடு ஒப்பிட்டு நிறுத்து நோக்கும் முறையைத் தமிழில் தொடங்கி வைத்தவருள் அவர் தலையாயவர்.

"தேசபக்தன்" ஆசிரியர்

போர் முடிந்தபின் அரசியற் குற்றஞ் சாட்டப்பட்டோர்க்குப் பொது மன்னிப்பு வழங்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டில் ஐயர் பிரிட்டிஷ் எல்லைக்குள் மீண்டார். சென்னையில் "தேசபக்தன்" என்னும் தினசரியை 1917-ஆம் ஆண்டு முதல் நடத்தி வந்த திரு. வி. கலியாணசுந்தர முதலியார் 1920-இல் அதனை விட்டு விலகி, "நவசக்தி"யைத் தொடங்கினார். "தேசபக்தன்" ஆசிரியப் பொறுப்பு ஐயரிடம் வந்தது.

திரு. வி. க. வின் தமிழைப் படித்துப் பழகிய வாசகருக்கு மற்றொருவர் தமிழை விருந்தளித்தல் எளிதன்று. அதனினும் அரிது, ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த அந்நாளில் அரசாங்கத்தை மறுத்து நாள்தோறும் எழுதுதல். சட்டத்தின்படி பத்திரிகையில் வெளியாகும் ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியரே பொறுப்பாளி. 1921-ஆம் ஆண்டில் இராஜத் துரோகக் குற்றத்துக்காக அவர் கைது செய்யப்பட்டு 9 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பத்தாண்டுக் காலம் பிரிட்டிஷ் சிறைக்கு அகப்படாமல் கடலும் எல்லையும் கடந்து தப்பியிருந்தவர், இப்பொழுது ஒளிந்தாரில்லை, வேடம் பூண்டாரில்லை. தாம் நடத்திய பத்திரிகைக்காகப் பெல்லாரிச் சிறை புகுந்தார். ஆங்கிருந்த காலத்தை வீணாக்காமல், கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். கம்பரை ஹோமர், மில்டன் முதலிய பெருங்கவிகளின் வரிசையில் நிறுத்தி ஆராய்ந்த நூல் அது.

எழுதியதற்கு விடை கூறும் ஆண்மை என்பது இதுவே. ஆனால் அவர் விடை கூற வேண்டிய மற்றொரு வழக்கு இன்னும் இருந்தது. அது நீதிமன்றத்தில் நிகழ்ந்ததன்று. சோற்றுப் பந்தியில் நிகழ்ந்தது.

குருகுலமும் பந்தியும்

சிறையினின்று வெளிவந்த ஐயர், 1922-ஆம் ஆண்டின் இறுதியிலே திருநெல்வேலிச் சீமையில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்பு தாமிரபருணிக் கரையிலுள்ள சேரன்மாதேவியில் நிலைபெற்றது. தாய்மொழியிற் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டன்பு ஆகியவற்றை ஒருங்கே ஊட்டும் நோக்கமுடையது அக்குருகுலம். "பாலபாரதி" என்னும் மாதப் பத்திரிகையும் ஆங்கிருந்து அவரால் நடத்தப்பெற்றது. எல்லாச் சாதியாரும் பொருளுதவி செய்தனர். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் அளிப்பதாக ஒப்பி, முதலில் 5,000 ரூபாய் அளித்தது.

அக்குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது என்னும் செய்தி வெளியாயிற்று. அச்சிறுவரின் பெற்றோர் வேண்டியவாறு தாம் வாக்களித்துவிட்டதாகவும், ஏனையோர் ஒருங்கிருந்தே உண்பதாகவும் ஐயர் தரப்பினர் கூறினர். பொதுப் பணத்தில் நடைபெறும் நாட்டுக் கல்விச் சாலையிற் பிறப்பைக் கொண்டு பந்தி பிரித்தல் எவ்வாற்றானும் தகாது என டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு, ஈ. வெ. ராமசாமி முதலிய தலைவர்கள் கூறினர். வரதராஜுலு நாயுடுவின் "தமிழ்நாடு" பத்திரிகை இதனை நாடெங்கும் பரப்பியது. பத்திரிகையால் அரசாங்கத்தை வினவியவரை, இப்பொழுது பத்திரிகையே வினவியது.

வழக்குக் காந்தியடிகளிடமும் சென்றது. முன்னரே கொடுத்த வாக்கைக் கருதி அவ்விருவர்க்கு மட்டும் விலக்களித்து, இனி எவரையும் அந்நிபந்தனையோடு சேர்க்காதிருத்தல் என்னும் சமரசம் பேசப்பட்டது. அது எவரையும் நிறைவுறச் செய்யவில்லை. 1925-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் குழு, தேசிய இயக்கத்தைச் சார்ந்த நிறுவனங்களிற் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது எனத் தீர்மானித்தது. இராஜகோபாலாச்சாரியார் முதலிய சிலர் குழுவினின்று விலகினர். அவ்வாண்டு நவம்பரிற் காஞ்சிபுரம் மாநாட்டின்போது ஈ. வெ. ராமசாமி காங்கிரஸையே விட்டு வெளியேறினார். இரண்டு சிறுவரின் இலையிலே தொடங்கிய பூசல் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது எனின் அது மிகையன்று.

ஐயரை நேசிப்போர் இவ்விடத்தில் அவருக்காக வாதாடுவர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பொருட்டே அவர் இணங்கினார் என்பர். அவ்வாதத்தில் ஒரு பகுதி உண்மை உண்டு. ஆயினும், இரண்டு பெற்றோருக்கு அவர் கொடுத்த வாக்கு ஒன்று. நாட்டு மக்கள் அனைவர்க்கும் அவர் தம் எழுத்தினாற் கொடுத்த வாக்கு மற்றொன்று. முன்னதைக் காக்கப் பின்னதை விட்டார். தனி இலையிட்ட இருவர் என்ன நினைத்தனரோ அறியோம். அவர்களைப் பார்த்துக்கொண்டு அப்பாலிருந்து உண்ட மற்றச் சிறுவர் என்ன கற்றிருப்பர்? வகுப்பிலே ஆசிரியர் கூறிய சமத்துவத்தைக் காட்டிலும், உண்ணும் அறையிலே கண்ட பிரிவையன்றோ அவர்கள் உள்ளத்திற் பதித்திருப்பர்? இலண்டன் விருந்தில் தலைவரே பாத்திரங் கழுவிய செய்தியை நினைக்குந்தோறும், அக்கூட்டத்தைச் சேர்ந்த ஐயர், அவ்வொரு நாட் பாடத்தைச் சேரன்மாதேவிக்குக் கொண்டு வந்திருக்கலாகாதா என்னும் ஏக்கம் நமக்கு உண்டாகின்றது.

இவ்வாறு எழுதுங்கால் கிறிஸ்தவனாகிய என் கை சற்றே தயங்குகின்றது. ஒரே அப்பத்தில் பங்கு பெறுவோர் நாம் என்று திருப்பந்தியண்டை நின்று கூறும் நம்மவர் இக்குற்றத்துக்கு நீங்கியவரா? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வாசிப்போர், 1745-ஆம் ஆண்டிலே நம் புதுவைத் தேவாலயத்தினுள் தாழ்த்தப்பட்ட மக்களைப் பிரித்து நிறுத்திய சுவரைப் பற்றியும், அதனால் எழுந்த கலகத்தைப் பற்றியும் அதிற் காணலாம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் தேவாலயத்தினுள்ளும் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ஆம் ஆண்டிலேதான் இடிக்கப்பட்டது. ஆகவே, ஐயரின்மேற் கல்லெறிய நமக்கு உரிமையில்லை. அவருடைய குறையை நாம் எடுத்துரைப்பது அவரைத் தாழ்த்துதற்கன்று. நம்மை நாமே சோதித்துக்கொள்வதற்கேயாம்.

முடிவு

அப்பூசல் தணியுமுன்னரே ஐயரின் வாழ்வு முடிவெய்தியது. 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் குருகுல மாணவரை அழைத்துக்கொண்டு அவர் பாபநாசம் அருவிப் பக்கஞ் சென்றார். மகள் சுபத்திரையும் உடன் சென்றாள். மலைமேல் கல்யாண தீர்த்தம் என்னுமிடத்தில், பாறையிடையே விரைந்தோடும் நீரைத் தாண்ட முயன்ற சுபத்திரை கால் தவறி வீழ்ந்தாள். மகளைக் காக்கும் பொருட்டுத் தந்தை நீரிற் குதித்தார். இருவரும் கரையேறவில்லை. மாணவர் கரையில் நின்று கதறினர். இலண்டன் ஒற்றர்க்கும் புதுவை ஒற்றர்க்கும் அகப்படாத அவ்வுடலைத் தாமிரபருணி கொண்டது.

அவர் பகைவரென நின்றோரும் அச்செய்தி கேட்டுத் திடுக்கிட்டிருப்பர். ஏனெனில், அவரோடு கொள்கையில் மாறுபட்டோரும் அவருடைய தூய்மையையும் தியாகத்தையும் மறுத்தவரல்லர். தம்மைப் பற்றிய வழக்கிற்கு அவரே தம் கையால் ஒரு முடிவுரை எழுத, கால தேவன் இடங்கொடுக்கவில்லை. துப்பாக்கியை விட்டு விலகக் கற்றவர், பந்திப் பிரிவையும் விட்டு விலகியிருப்பார் என்று நம்புவதற்கு இடமுண்டு. உறுதி கூறுதற்கு இடமில்லை.

மாணவ நண்பர்களே! ஐயரின் சரித்திரத்தினின்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவன பல. பட்டத்தைத் துறந்து பணியை ஏற்றமை ஒன்று. நாடு கடத்தப்படும் நாள் வருமுன் குறளைப் பெயர்த்து முடித்த ஊக்கம் ஒன்று. பத்திரிகையின் பொருட்டுச் சிறை புகுந்த ஆண்மை ஒன்று. இவையெல்லாம் நம் தலையை நிமிரச் செய்வன. ஆனால் நம்மைத் தலைகுனிந்து சிந்திக்கச் செய்வது சேரன்மாதேவிப் பந்தி.

நம்மிற் சிலர் நாளை பத்திரிகை நிலையங்களிலும் தொலைக்காட்சி நிலையங்களிலும் அமரக்கூடும். அரசியலாரையும் அதிகாரிகளையும் நோக்கி நாம் வினாக்கள் தொடுப்போம். சாதிக் கொடுமையைக் கண்டித்து உருக்கமாகப் பேசுவோம். பல்லாயிரவர் நம்மைக் கேட்பர். அப்பொழுது நம் வீட்டு அடுக்களையில் வேலைக்காரிக்குத் தனிக் குவளை வைத்திருப்போமாயின், நம் விடுதி மேசையில் இன்னார் அருகே அமர மனங் கூசுவோமாயின், நாம் பேசிய சொற்களனைத்தும் நமக்கு எதிராகச் சாட்சி கூறும். எழுத்தாளனுடைய முதல் வாசகர் அவன் வீட்டாரும் அவனோடு உண்போருமேயாவர். அவர்கள் மறுக்கும் எழுத்தை உலகம் ஏற்றுக்கொண்டும் பயனில்லை.

புதுவைக் கடற்கரையில் உலாவுவோர், நூறாண்டுகளுக்கு முன் இம்மணலின்மேல் நடந்த பெரியாரை எண்ணுதல் வேண்டும். அவர் நிறைவுறச் செய்த பணிகளுக்கு நன்றி கூறுவோம். அவர் நிறைவு செய்யாது விட்ட ஒன்றை நாம் செய்து முடிப்போம். நம் கலாசாலை விடுதியில் இன்றிரவு மணியடித்தவுடன், இதுவரை எவரருகே நாம் அமர்ந்ததில்லையோ அவரருகே சென்று அமர்ந்து உண்போம். அவருக்குச் செலுத்தத் தக்க அஞ்சலி அதனினும் மேலானது பிறிதொன்றில்லை.